மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகளில் ஆக்கிரமிப்பு இனங்கள்

மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகளில் ஆக்கிரமிப்பு இனங்கள் என்பது, தமிழ்நாட்டின் தென்கிழக்கே இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட தீவுகளைச் சூழ்ந்துள்ள பவளப்பாறைகளின் மீது வேறு உயிரினங்கள் படர்ந்து, அங்கு இயல்பாக வாழும் பவளங்களின் இடத்தைக் கைப்பற்றும் நிகழ்வைக் குறிக்கும். இவ்வாறு பரவும் இனங்களுள் கப்பாஃபைகஸ் அல்வரேசி என்னும் கடற்பாசி, பனித்துகள் பவளம் எனப்படும் கரிஜோவா ரீசி, டெர்பியோஸ் ஹோஷினோட்டா என்னும் கரும் கடற்பஞ்சு ஆகிய மூன்றும் குறிப்பிடத்தக்கவை.

இப்பாறைகள் கல் அகழ்வாலும் கடல்நீர் வெப்பமடைவதால் ஏற்படும் வெளிறலாலும் முன்னரே நலிவடைந்தவை. இறந்த பவளத்தின் வெற்றிடத்தில் வேகமாக வளரும் இனம் ஒன்று குடியேறிவிட்டால், மெதுவாக வளரும் பவளங்கள் அவ்விடத்தை மீண்டும் பெறுவது கடினமாகும். எனவே ஆக்கிரமிப்பு இனங்கள் பாறையின் முதன்மையான அழிவுக் காரணி என்பதைவிட, அழிந்த பாறை மீள்வதைத் தடுக்கும் காரணி என்று கொள்வதே பொருத்தமாகும்.

சொல் விளக்கம்

ஓர் இனம் தான் இயற்கையாகப் பரவியிருந்த எல்லையைத் தாண்டி, மாந்தரால் வேண்டுமென்றோ தற்செயலாகவோ வேறிடத்துக்குக் கொண்டுவரப்பட்டால் அது அயல் இனம் எனப்படும். எல்லா அயல் இனங்களும் தீங்கு விளைவிப்பதில்லை. மிளகாயும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. ஆயினும் அவை இந்தியக் காடுகளுக்குள் பரவி அங்குள்ள செடிகளை அழிக்கவில்லை. அயல் இனம் ஒன்று தானாகவே பெருகி, உள்ளூர் இனங்களுக்கும் சூழலுக்கும் கேடு விளைவிக்கும்போது அது ஆக்கிரமிப்பு இனம் ஆகின்றது. தமிழ்நாட்டில் நிலத்தில் சீமைக்கருவேலமும், ஏரி குளங்களில் ஆகாயத்தாமரையும் இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டுகள். சென்னைப் புறநகர் ஏரிகளில் ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை மூடி ஒளியைத் தடுப்பதைப் போன்ற செயலே கடலடியில் பவளப்பாறையிலும் நிகழ்கின்றது.

உள்ளூர் இனமும் சூழல் கெடும்போது அளவுமீறிப் பெருகி, பிற இனங்களை மூடக்கூடும். ஆகவே அயல், ஆக்கிரமிப்பு ஆகிய இரு சொற்களையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டியுள்ளது.

பவளப்பாறையில் இடப் போட்டி

பவளம் என்பது பாலிப்பு எனப்படும் சிறு விலங்குகள் கூட்டமாக வாழும் அமைப்பு ஆகும். பாறையை உருவாக்கும் கற்பவளங்கள் கால்சியம் கார்பனேட்டால் ஆன கூட்டைக் கட்டுகின்றன. இவற்றின் திசுக்களுக்குள் சூசாந்தெல்லே என்னும் நுண்பாசிகள் வாழ்கின்றன. இப்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்கும் உணவில் பெரும் பகுதி பவளத்துக்குக் கிடைக்கின்றது. இதனால் கற்பவளங்களுக்குச் சூரிய ஒளியும் தெளிந்த நீரும் இன்றியமையாதவை. உருண்டை வடிவப் பவளங்கள் பொதுவாக ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்கின்றன. கிளைவடிவப் பவளங்கள் அவற்றைவிட விரைவாக வளர்ந்தாலும் எளிதில் உடைபவை.

பாறையில் வாழும் பெரும்பாலான உயிரினங்கள் ஓரிடத்தில் ஒட்டி வாழ்பவை. ஆதலால் அவற்றுக்கு இடமே முதன்மையான வளமாகும். ஆக்கிரமிப்பு இனங்கள் இவ்விடத்தைப் பின்வரும் வழிகளில் கைப்பற்றுகின்றன:

1. மூடி வளர்தல்: உயிருள்ள பவளத்தின் மீது நேரடியாகப் படர்ந்து, நீரோட்டமும் உணவும் உயிர்வளியும் கிடைக்காமல் செய்தல்.

2. நிழலிடல்: பவளத்துக்கு மேலே அடர்ந்து வளர்ந்து ஒளியைத் தடுத்தல். இதனால் சூசாந்தெல்லே செயலிழந்து பவளம் பட்டினியால் இறக்கின்றது.

3. வேதிப்பொருட்கள்: அண்டையிலுள்ள உயிரினங்களின் திசுக்களைச் சிதைக்கும் அல்லது மீன்கள் தின்னாமல் தடுக்கும் பொருட்களைச் சுரத்தல்.

4. குடம்பிகளுக்கு இடமின்மை: பவளங்களின் குடம்பிகள் நீந்தி வந்து ஒட்டுவதற்குரிய வெற்றுப் பாறையை மூடிவிடுதல். முதிர்ந்த பவளங்கள் தப்பினாலும் அடுத்த தலைமுறை உருவாகாது.

5. வாழிட மாற்றம்: கிளைப் பவளங்களின் இடுக்குகளில் வாழும் மீன்குஞ்சுகள், நண்டுகள், இறால்கள் ஆகியவற்றுக்கு மறைவிடம் இல்லாது போதல்.

பிற நாடுகளில் ஆக்கிரமிப்புப் பவளங்கள்

ஒரு பவள இனமே வேறொரு கடலில் ஆக்கிரமிப்பு இனமாக மாறியதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு சூரியப் பவளம் எனப்படும் டூபாஸ்ட்ரேயா காக்சினியா ஆகும். செம்மஞ்சள் நிறமுடைய இப்பவளத்தின் தாயகம் இந்திய-பசிபிக் கடல்களாகும். 1829இல் பொரா பொரா தீவிலிருந்து இது முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இதன் திசுக்களில் சூசாந்தெல்லே இல்லை. மிதவை உயிரிகளைப் பிடித்து உண்கின்றது. ஆகையால் ஒளி குறைந்த பாறைக் குடைவுகளிலும், துறைமுகத் தூண்களிலும், கப்பலின் அடிப்பகுதியிலும் வளர வல்லது.

1943இல் கரிபியன் கடலில் இப்பவளம் இருப்பது பதிவானது. 1980களின் பிற்பகுதியில் பிரேசிலின் காம்போஸ் படுகையில் உள்ள எண்ணெய் மேடைகளில் சூரியப் பவளங்கள் காணப்பட்டன. 1990களில் ரியோ டி ஜெனீரோ மாநிலத்தின் இலா கிராண்டே பகுதியின் பாறைக் கரைகளுக்கு அவை பரவின. அங்கு முஸ்ஸிமீலியா இஸ்பிடா என்னும் பிரேசில் பவளத்துக்கு அருகில் சூரியப் பவளம் வளர்ந்த இடங்களில், பிரேசில் பவளத்தின் திசுக்கள் அழுகி இறந்தமை கண்டறியப்பட்டது. தன் தாயகத்தில் பல இனங்களுள் ஒன்றாக அமைந்து வாழும் பவளம், தன்னைக் கட்டுப்படுத்தும் எதிரிகள் இல்லாத கடலில் தடையின்றிப் பெருகும் என்பதை இது காட்டுகின்றது.

வெனிசுவேலாவின் மோச்சிமா தேசியப் பூங்காப் பகுதியில் யூனோமியா ஸ்டோலோனிஃபெரா என்னும் மென்பவளம் கடலடியைப் பாய்போல் மூடியுள்ளது. இந்திய-பசிபிக் கடல்களைச் சேர்ந்த இவ்வினம் அலங்கார மீன்தொட்டி வணிகத்தின் வழியாக அங்கு வந்திருக்கலாம் எனக் கருதப்படுகின்றது.

மன்னார் வளைகுடாப் பாறைகளின் நிலை

மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. 21 தீவுகளை உள்ளடக்கிய இதன் பரப்பு 560 சதுர கிலோமீட்டர் ஆகும். 1989இல் இதனைச் சூழ்ந்த 10,500 சதுர கிலோமீட்டர் பகுதி உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தீவுகள் மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. இங்கு 117 கற்பவள இனங்கள் பதிவாகியுள்ளன.

பல பத்தாண்டுகளாகச் சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பவளக்கற்கள் இங்கு வெட்டியெடுக்கப்பட்டன. சுமார் 110 சதுர கிலோமீட்டர் பாறைப் பரப்பில் 32 சதுர கிலோமீட்டர் அளவு இதனால் சீரழிந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. அலைகளைத் தடுத்துநின்ற பாறைகள் குறைந்தமையால் தீவுகளும் அரிப்புக்கு உள்ளாயின. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. 2001இல் கற்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதன் பின்னர் 2005ஆம் ஆண்டளவில் கல் வெட்டுதல் இங்கு ஓய்ந்தது.

எனினும் வெப்பத்தால் ஏற்படும் வெளிறல் தொடர்ந்தது. கடல்நீர் வழக்கத்தைவிட வெப்பமடையும்போது பவளங்கள் தம் சூசாந்தெல்லே பாசிகளை இழந்து வெண்மையாகின்றன. இந்நிலை நீடித்தால் இறக்கின்றன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெரும் வெளிறல்கள் ஏற்பட்டன. 2016இல் மட்டும் உயிருள்ள பவளப் பரப்பு 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7 விழுக்காடாகக் குறைந்தது. அவ்வாறு இறந்த பவளங்களின் கூடுகள் புதிய இனங்கள் ஒட்டிக்கொள்வதற்கு ஏற்ற தளமாக அமைந்தன.

கப்பாஃபைகஸ் அல்வரேசி

கப்பாஃபைகஸ் அல்வரேசி பவளம் அன்று. பிலிப்பைன்ஸ் பகுதியைத் தாயகமாகக் கொண்ட செம்பாசி இனமாகும். ஆயினும் மன்னார் வளைகுடாவில் அயல் இனம் ஒன்று பவளங்களை மூடியதற்கு மிகுதியான சான்றுகள் உள்ள நிகழ்வு இதுவே. இப்பாசியிலிருந்து கராகினன் என்னும் கூழ்மப் பொருள் எடுக்கப்படுகின்றது. இது பனிக்கூழ், பற்பசை, மருந்துகள் முதலியவற்றில் கெட்டிப்படுத்தும் பொருளாகப் பயன்படுகின்றது.

பாவ்நகரில் அமைந்துள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இதனை இந்தியாவில் வளர்த்துப் பரிசோதித்தது. 2000ஆம் ஆண்டையொட்டி பெப்சி நிறுவனம் மண்டபம் பகுதியில் வணிக முறையில் இதன் வளர்ப்பைத் தொடங்கியது. மூங்கில் மிதவைகளில் கயிறு கட்டி, அதில் பாசித் துண்டுகளைக் கோத்து வளர்ப்பதே இங்குள்ள முறையாகும். ஒரு மிதவை பொதுவாக 3 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்டது. சுமார் 45 நாட்களில் பாசி அறுவடைக்கு வரும்.

இப்பாசி இந்தியக் கடலில் வித்திகளால் பெருகாது என்றும், உதிரும் துண்டுகளை மீன்கள் தின்றுவிடும் என்றும் வளர்ப்பை ஆதரித்தோர் கருதினர். ஆனால் இதன் சிறு துண்டு ஒன்றே முழுச் செடியாக வளரக்கூடியது. பாக்கு விரிகுடாவும் மன்னார் வளைகுடாவும் பாம்பன் நீர்வழியால் இணைந்துள்ளமையால், மிதக்கும் துண்டுகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல இயலும். பாம்பனுக்கு அருகில் மன்னார் வளைகுடாப் பக்கம் அமைந்துள்ள குருசடைத் தீவில் இப்பாசி உயிருள்ள அக்ரோபோரா பவளங்களின் மீது படர்ந்திருந்ததை 2008இல் கரண்ட் சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வு வெளிப்படுத்தியது. பாசி பவளக் கிளைகளைச் சுற்றித் தடித்த பாயாக வளர்ந்து, ஒளியை மறைத்து, அடியிலுள்ள திசுக்களை இறக்கச் செய்தது. பின்னர் சிங்கில் தீவு, முள்ளித் தீவு ஆகியவற்றின் பாறைகளிலும் இது காணப்பட்டது.

அவாயித் தீவுகளிலும் இதனையொத்த நிகழ்வு முன்னரே ஏற்பட்டிருந்தது. 1970களில் ஆய்வுக்காகக் கனியோகே விரிகுடாவுக்குக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ், பின்னாளில் அங்குள்ள பாறைத்திட்டுகளை மூடியது.

பனித்துகள் பவளம்

கரிஜோவா ரீசி எண்கதிர்ப் பவளங்களைச் சேர்ந்தது. இதன் ஒவ்வொரு பாலிப்பும் எட்டு வெண்ணிறக் கொம்புகளை விரித்திருக்கும்போது பனித்துகளை ஒத்திருப்பதால் இப்பெயர் பெற்றது. கிளைகளின் மீது பெரும்பாலும் செம்மஞ்சள் நிறக் கடற்பஞ்சு படர்ந்திருக்கும். சூரியப் பவளத்தைப் போலவே இதற்கும் சூசாந்தெல்லே இல்லை. துறைமுகச் சுவர்கள், மூழ்கிய கப்பல்கள், பாறைக் குடைவுகள் முதலிய நிழலான இடங்களில் இது செழித்து வளரும். குடம்பிகளாலும், தண்டிலிருந்து படரும் கிளைகளாலும் இது பெருகுகின்றது.

1860இல் கரிபியன் பகுதியிலிருந்து விவரிக்கப்பட்ட இவ்வினம், 1972இல் அவாயியின் பேர்ல் துறைமுகத்தில் கண்டறியப்பட்டது. 2001இல் மாவி தீவை அடுத்த ஆழ்கடலில் நடந்த ஆய்வில், வணிக மதிப்புள்ள கரும்பவளங்களை இது பெருமளவில் மூடிக் கொன்றிருந்தமை தெரியவந்தது. இந்தியாவில் மன்னார் வளைகுடா, கட்ச் வளைகுடா, அந்தமான் தீவுகள், தென்மேற்குக் கடற்கரை ஆகிய இடங்களில் இது காணப்படுவதாகவும், பவளப்பாறைகளுக்கு அச்சுறுத்தலாக அமையக்கூடும் எனவும் 2011இல் வெளியான ஆய்வுக் கட்டுரை எச்சரித்தது.

இவ்வினத்தின் தாயகம் குறித்த கருத்து மாறியுள்ளது. அத்திலாந்திக் பெருங்கடலே இதன் தாயகம் என நெடுங்காலம் கருதப்பட்டது. 2010இல் வெளியான மரபணு ஆய்வு, இது இந்திய-பசிபிக் பகுதியில் தோன்றியிருக்கக்கூடும் எனக் காட்டியது. அவ்வாறாயின் இந்தியக் கடலில் இதனை அயல் இனம் என உறுதியாகக் கூற இயலாது. எனினும் கடல்விசிறிகளையும் பிற பவளங்களையும் மூடி வளரும் இயல்பு காரணமாக இது கண்காணிக்கப்பட வேண்டிய இனமாகவே கருதப்படுகின்றது.

கரும் கடற்பஞ்சு

டெர்பியோஸ் ஹோஷினோட்டா சாம்பல் அல்லது கரு நிறமுள்ள மெல்லிய படலமாகப் பவளத்தின் மீது படரும் கடற்பஞ்சு ஆகும். இதன் உடலில் நீலப்பச்சை நுண்ணுயிரிகள் ஏராளமாக உள்ளன. உயிருள்ள பவளத்தின் மீதே இது முன்னேறிச் செல்வதால், தொலைவிலிருந்து பார்ப்போருக்குக் கருநோய் போலத் தோன்றும். 1970களில் குவாம் தீவில் மாதத்துக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வீதம் இது பரவியது. அறிவியல் முறையில் 1993இல் இது பெயரிடப்பட்டது.

தமிழ்நாட்டுக் கடலில் முதலில் பாக்கு விரிகுடாவிலும், பின்னர் தூத்துக்குடித் தொகுதியைச் சேர்ந்த வான் தீவிலும் இக்கடற்பஞ்சு பவளங்களை மூடியிருந்தமை 2010களில் பதிவானது. இதுவும் இந்திய-பசிபிக் பகுதியைச் சேர்ந்த இனமாதலால், இதன் பெருக்கம் அயலிலிருந்து வந்ததனால் ஏற்பட்டதா, சூழல் சீர்கேட்டால் ஏற்பட்டதா என்பது ஆய்வுக்குரியதாக உள்ளது.

வாழ்வாதாரச் சிக்கல்

பாம்பன், மண்டபம், இராமேசுவரம் பகுதிகளின் மீனவப் பெண்கள் நெடுங்காலமாக மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி முதலிய உள்ளூர்ப் பாசிகளைத் தீவுகளைச் சுற்றிய ஆழமற்ற கடலில் மூழ்கிப் பறித்து வந்துள்ளனர். தேசியப் பூங்காவின் கட்டுப்பாடுகள் இத்தொழிலைக் குறுக்கின. கரைக்கு அருகிலேயே மிதவைகளில் கப்பாஃபைகஸ் வளர்க்கும் தொழில், பெண்கள் தன்னுதவிக் குழுக்களுக்கு மாற்று வருவாயாக அமைந்தது.

2005இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆணை, இவ்வயல் பாசியின் வளர்ப்பை பாக்கு விரிகுடாவின் வடபகுதிக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கிலுள்ள கடற்பகுதிக்கும் மட்டுப்படுத்தியது. பவளப்பாறைகளைப் பாதுகாப்பதே இதன் நோக்கமாகும். மறுபுறம், 2013ஐ அடுத்து வெப்பத்தாலும் நோயாலும் வளர்ப்புப் பாசி பெருமளவில் அழிந்து, உற்பத்தி வீழ்ச்சியடைந்தது. பவளங்களை வெளிறச் செய்யும் அதே வெப்பம் பாசி வளர்ப்போரையும் பாதித்தது.

2020க்குப் பின்னர் கடற்பாசி வளர்ப்பை விரிவாக்க நடுவண் அரசு ஊக்கமளித்து வருகின்றது. 2023இல் இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2024இல் உயிருள்ள கடற்பாசிகளை இறக்குமதி செய்வதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை மீன்வளத் துறை வெளியிட்டது. இதனால் எந்தப் பாசியை, பாறையிலிருந்து எவ்வளவு தொலைவில் வளர்க்கலாம் என்னும் வினா மீண்டும் முதன்மை பெற்றுள்ளது. உள்ளூர் இனமாகிய கஞ்சிப்பாசி போன்றவற்றை வளர்ப்பது ஒரு மாற்றாக முன்வைக்கப்படுகின்றது. ஆனால் விரைவான வளர்ச்சியிலும் கராகினன் அளவிலும் கப்பாஃபைகஸுக்கு ஈடான உள்ளூர் இனம் இல்லாமை இதற்குத் தடையாக உள்ளது.

பரவும் வழிகள்

கடலில் ஒட்டி வாழும் இனங்கள் பெரும்பாலும் நான்கு வழிகளில் புதிய இடங்களை அடைகின்றன. அவை: கப்பலின் அடிப்பகுதியில் ஒட்டி வருதல், கப்பலின் சமநிலைக்காக ஏற்றி இறக்கப்படும் நிலைப்படுத்து நீருடன் வருதல், வளர்ப்புக்காக வேண்டுமென்றே கொண்டுவரப்படுதல், அலங்காரத் தொட்டிகளிலிருந்து கடலில் விடப்படுதல் என்பனவாகும். மன்னார் வளைகுடாத் தீவுகளின் தென் முனையில் தூத்துக்குடித் துறைமுகம் அமைந்துள்ளமையால் முதலிரு வழிகளும் இங்குக் கருத்தில் கொள்ளத்தக்கவை. நிலைப்படுத்து நீர் மேலாண்மைக்கான பன்னாட்டு உடன்படிக்கை 2004இல் ஏற்கப்பட்டு, 2017 செப்டம்பர் 8 அன்று நடைமுறைக்கு வந்தது. கப்பலின் அடிப்பகுதியில் ஒட்டும் உயிரினங்களுக்கு இதனையொத்த கட்டாய உடன்படிக்கை இல்லை.

கட்டுப்படுத்தல்

மன்னார் வளைகுடாவில் கப்பாஃபைகஸ் பாசியைக் கையால் அகற்றும் பணியை வனத்துறை மேற்கொண்டது. முழுக்காளிகள் கீழிறங்கி, பவளக் கிளைகளுக்கு ஊறு நேராதவாறு பாசியைப் பிரித்தெடுத்துப் பைகளில் இட்டுக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். நீரில் தவறவிடப்படும் ஒவ்வொரு துண்டும் புதிய இடத்தில் வேர்கொள்ளக்கூடும் என்பதால், அவசரமான அகற்றலே பரவலுக்குக் காரணமாகிவிடும். இடுக்குகளில் எஞ்சும் துண்டுகளிலிருந்து பாசி மீண்டும் வளர்வதால் ஒரே இடத்தில் பலமுறை அகற்ற வேண்டியுள்ளது.

கனியோகே விரிகுடாவில் இரு முறைகள் இணைத்துப் பயன்படுத்தப்பட்டன. முதலில் நீரடியில் உறிஞ்சும் எந்திரத்தால் பாசி அகற்றப்பட்டது. பின்னர் பொரிப்பகத்தில் வளர்க்கப்பட்ட உள்ளூர்க் கடல்முள்ளெலிகள் பாறையில் விடப்பட்டன. அவை எஞ்சிய துண்டுகளைத் தின்று, மறுவளர்ச்சியைத் தடுத்தன. பாறையில் பாசி தின்னும் மீன்களும் கடல்முள்ளெலிகளும் போதிய அளவில் இருப்பது ஆக்கிரமிப்புக்கு எதிரான இயற்கைக் காப்பு என்பதை இது உணர்த்துகின்றது. கிளிமீன் போன்ற பாசியுண்ணி மீன்கள் மிகையாகப் பிடிக்கப்படும் இடங்களில் இக்காப்பு வலுவிழக்கின்றது.

கரிஜோவா, டெர்பியோஸ் ஆகியவற்றைப் பெரும் பரப்பிலிருந்து முற்றாக அகற்றுவதற்கு எளிய முறை எதுவும் இல்லை. ஆகையால் சிறு திட்டாக இருக்கும்போதே கண்டறிதல் முதன்மையானது.

அடிப்படைப் பட்டியல்களின் தேவை

புதிதாக வந்த இனம் எது என்பதை அறிய, முன்னர் இருந்த இனங்கள் எவை என்பது தெரிந்திருக்க வேண்டும். இவ்வகையில் மன்னார் வளைகுடாவுக்கு நீண்ட ஆய்வு வரலாறு உண்டு. குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றிய விரிவான தொகுப்பைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927இல் வெளியிட்டது. கற்பவளங்கள் பிற்காலத்தில் மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் உள்ள ஆய்வு நிறுவனங்களால் பலமுறை பட்டியலிடப்பட்டன. மென்பவளங்கள், கடற்பஞ்சுகள் ஆகியவற்றுக்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை. கரிஜோவா, டெர்பியோஸ் ஆகிய இரண்டும் இக்குறைவான கவனம் பெற்ற தொகுதிகளையே சேர்ந்தவை. 1927இல் கரையோர உயிரினங்களின் தொகுப்பு வெளியான அதே குருசடைத் தீவிலேயே, எண்பது ஆண்டுகளுக்குப் பின் கப்பாஃபைகஸ் பரவல் முதலில் பதிவானது.